செம்பாறையில் இறங்கிய வேர்

தோட்டத்தில் பிறந்தவனுக்கு மரம் என்றால் ரப்பர் மரம்தான். மற்ற மரங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. பலா, தென்னை, ரம்புத்தான் என்று பெயர் சொல்லித்தான் பேசுவோம். வெறுமனே 'மரத்துக்குப் போயிருக்கிறான்' என்றால் பால் வெட்டப் போயிருக்கிறான் என்று பொருள். அதனால்தான் ஜப்பான் காலத்தில் மலாக்காவில், ஆள் சேர்க்கும் ஆபீஸ் வாசலில் நாங்கள் முப்பது பேர் குந்தியிருந்தபோது, கணக்கெழுதும் கிராணி வெளியே வந்து, "மரம் தெரிஞ்சவன் எவன்டா?" என்று கேட்டதும் நான் கையைத் தூக்கினேன்.

மற்ற இருபத்தொன்பது பேரில் பாதிக்கு மேல் பால் வெட்டியவர்கள்தான். அவர்கள் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. எனக்கும் தெரியாது. ஆனால் குந்தியே இருந்தால் என்ன வரும் என்று தெரியும். லோரி வாசலிலேயே நின்றது. லோரி ரயிலடிக்குப் போகும், அங்கிருந்து ரயில் சயாமுக்குப் போகும். அங்கே தண்டவாளம் போடப் போய்த் திரும்பியவன் ஒருவனைத்தான் நான் பார்த்திருந்தேன். மூவார் ஆற்றோரம் ஒரு கொட்டகையில் கிடந்தான். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே சதை அழுகிப்போய் எலும்பு தெரிந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டேன். அவன் சாக்கை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். அந்தக் காலைப் பார்த்த பிறகு நானும் மறுபடி கேட்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தேன். பதினெட்டில் தோட்டத்தை விட்டவன் ஓரிடத்தில் நிலையாக இருந்ததில்லை. மரம் அறுக்கும் ஆலை, படகு, சாலை வேலை என்று கால் போன பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வந்த பிறகு அப்படித் திரிவது ஆபத்து என்று தெரிந்தும் திரிந்தேன். மலாக்காவுக்கு வெளியே செங் என்ற ஊர்ப் பக்கம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது பிடித்தார்கள். கையில் எந்தக் காகிதமும் இல்லை. இடுப்பில் ஒரு பால்வெட்டுக் கத்தி மட்டும் இருந்தது. கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலைக்காரன் என்பதற்கு அதுவே அத்தாட்சியாகிவிட்டது.

கிராணி சைக்கிளில் போனார், நான் பின்னால் ஓடினேன். அவர் முன்பு ஏதோ தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இப்போது ஜப்பானியருக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். மாலை நேரங்களில் நிப்போங்கோ என்கிற ஜப்பான் மொழி வகுப்புக்கும் போனார். காஜா பெராங் சாலையில் ஒரு பெரிய பங்களாவுக்குள் அழைத்துப் போனார். அது ஒரு பாபாவின் வீடு; தலைமுறைகளாக மலாக்காவிலேயே வாழ்ந்து மலாய் பேசும் சீனரைப் பாபா என்பார்கள். அந்த பாபாவை ஜப்பான்காரன் வந்த முதல் மாதத்திலேயே கொண்டுபோய்விட்டார்கள். குடும்பம் சிதறிப்போனது. வீட்டில் இப்போது ஒரு ஜப்பான் அதிகாரி இருந்தார். ஊரில் அரிசியும் பலகையும் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது.

முற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்தேன். வேலியோரம் இரண்டு தென்னையும் ஒரு மாமரமும் நின்றன.

"மரம் எங்க ஐயா?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? முன்னால என்ன நிக்குது?"

முன்னால் மரப் பலகைத் தட்டுகளில் தொட்டிகள் இருந்தன. பதினொன்று. ஒவ்வொன்றிலும் முழங்கை உயரத்தில் ஒரு மரம். செடி இல்லை, மரம். அடிமரம் முறுகி, பட்டை வெடித்து, கிளைகள் குடையாக விரிந்திருந்தன. நடுத்தட்டில் இருந்தது ஆல மரத்தின் ஒரு சிறு இனம், மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்பார்கள். அது மண்ணில் நிற்கவில்லை. ஒரு கல்லின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. மலாக்காவில் பழைய கோட்டைச் சுவரில் இருக்குமே, துளைதுளையாகச் சிவந்த செம்பாறை, அந்தக் கல். அதன் மேல் வேர்கள் கோழிக்கால் மாதிரி விரல் விரித்து இறங்கி, கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே மண்ணுக்குள் போயிருந்தன.

இப்படி ஒன்றை நான் அதுவரை கண்டதே இல்லை.

"தெரியும்னு கைய தூக்குனியே. தெரியுமா?" என்றார் கிராணி.

"தெரியும் ஐயா."

"தெரியலைன்னா இப்பவே சொல்லிடு. லோரி இன்னும் கெளம்பல."

"தெரியும் ஐயா."

அதிகாரி வெளியே வந்தார். வயதானவர், கண்ணாடி போட்டவர். வாள் இல்லை, இடுப்பில் துண்டு இருந்தது. என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், கத்தியின் கூரைத் தடவிப் பார்த்தார். எங்கோ பொறுக்கிய மலாயில் பேசினார். நடுத்தட்டு மரத்தைக் காட்டி, "போக்கோ மாத்தி, லூ சயாம்" என்றார். மரம் செத்தால் நீ சயாம். இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

அன்றே ஒரு காகிதம் கொடுத்தார். உள்ளங்கை அகலம், சிவப்பு முத்திரை. இன்னார் வீட்டில் வேலை செய்கிறான், பிடிக்க வேண்டாம் என்று அதில் இருப்பதாகக் கிராணி சொன்னார். ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். மாதம் முடிந்தால் அதிகாரி மறுபடியும் முத்திரை போட வேண்டும். "ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு ஆள்தான், ஒரே காகிதந்தான். உன்னவிட நல்லவன் எவனாச்சும் வந்தா நீ லோரி. மறந்துடாத" என்றார்.

நான் மறக்கவில்லை. அந்தக் காகிதத்தை ரப்பர் பால் தடவிய துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் அவிழ்க்கவில்லை.

வீட்டில் சமைத்தவர் ஒரு மலாக்காச் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாயே வீட்டு மொழியாகிப்போன தமிழர் வம்சம். காஜா பெராங்கில் அவர்களுக்கென்று ஒரு கம்போங், ஒரு குடியிருப்பு, உண்டு. நெற்றியில் திருநீறும் பொட்டும் இருந்ததால் முதல் நாள் தமிழில் பேசினேன். அவர் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். அக்கா, தம்பி, சாமி, கோயில் இப்படிச் சில சொற்களைத் தவிர அவர் வாயில் தமிழ் இல்லை. நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார். மற்றதெல்லாம் மலாய்.

பாபா இருந்த காலத்திலிருந்தே அவர் அந்த அடுப்படியில் இருந்தவர். மரங்களைப் பற்றிக் கேட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது, தன் தம்பிக்குத் தெரியும் என்றார். தம்பி தச்சு வேலை செய்பவன். பாபாவுக்கு மரப் பெட்டிகள் செய்து கொடுக்க வந்தவன், அப்படியே வேர் கட்டவும் பழகிக்கொண்டானாம். கல்லில் வேர் ஏற்றுவதற்குப் பெட்டி வேண்டும். நீளமாக வேர் விட்ட கன்றை எடுத்து, கல்லின் மேல் உட்கார வைத்து, வேர்களைப் பள்ளங்களில் படிய வைத்து, வாழை நாரால் கட்டி, களிமண் பூசி, கல்லோடு சேர்த்து ஆழமான பெட்டிக்குள் புதைத்துவிடுவார்கள். பிறகு மாதம் ஒரு விரல் அளவு மேல் மண்ணை எடுப்பார்கள். மண் இறங்க இறங்க வேர் ஈரத்தைத் தேடிக்கொண்டு கீழே போகும். வெளியே வந்த வேர் காற்றில் தடித்துக் கல்லைக் கவ்வும். வருடக்கணக்கில் நடக்கிற வேலை. நடுத்தட்டு மரமும் முடிந்த மரம் இல்லை. கல்லின் கீழ்ப்பாதி இன்னும் பலகைப் பெட்டிக்குள் மண்ணில் இருந்தது. பாபா பாதியில் விட்டதை அதிகாரி தொடர்ந்துகொண்டிருந்தார்.

எல்லாம் சொல்லிவிட்டு அக்கா கேட்டார்: என் தம்பிக்குக் காகிதம் இல்லை, தச்சு வேலையும் இப்போது இல்லை, வீட்டைவிட்டு வெளியே வரவே பயப்படுகிறான், கட்டிக்கொண்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. நீ துவானிடம், அந்த அதிகாரியிடம், சொல்லி அவனுக்கும் ஒரு காகிதம் வாங்கித் தர முடியுமா? இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லேன். அக்காவே போய்ச் சொல்ல முடியாது. சமையல்காரி தோட்டத்தைப் பற்றிப் பேசினால் கன்னத்தில்தான் விழும்.

சொல்கிறேன் அக்கா என்றேன். சொல்லப் போவதில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். அவன் மரம் தெரிந்தவன். நான் மரம் தெரியும் என்று சொன்னவன்.

அந்த ஒரு மாதம் எனக்குப் பழகியதெல்லாம் காதால் பயப்படுவதுதான். காஜா பெராங் சாலையில் லோரி வந்தால், வளைவில் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே அது போகிறதா நிற்கிறதா என்று சொல்லிவிடுவேன். நின்றால் தண்ணீர் டின்னைக் கீழே வைத்துவிட்டு இடுப்புக் காகிதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். சந்தைக்குப் போனவனைப் பிடித்தார்கள், முடிவெட்டிக்கொண்டிருந்தவனைப் பாதித் தலையோடு ஏற்றினார்கள், காகிதத்தைக் காட்டியவனிடமிருந்து அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு ஏற்றினார்கள் என்று தினமும் ஒரு பேச்சு வரும். எது உண்மை, எது கதை என்று பார்க்க யாரும் வெளியே போகவில்லை.

காலையில் மரத்தைப் பார்த்துத்தான் என் நாள் தொடங்கும். நடுத்தட்டு மரத்தில் இலைகளை எண்ணினேன். முந்நூற்றுக்கு மேல் போனதும் எண்ணிக்கை குழம்பிவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். துளை போட்ட பால் டின்னில் தண்ணீர் விடுவேன். எவ்வளவு விட வேண்டும் என்று தெரியாததால் அதிகாரி விடுவதைப் பார்த்து அதே அளவு விட்டேன். அவர் கிளையைத் திருப்பினால் எந்தப் பக்கம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். அவரும் என்னோடு அதிகம் பேசவில்லை. மரத்தோடு இருக்கும்போது அவர் முகம் மெதுவாகிவிடும். அப்போது அவரைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும். மரத்துக்கு ஒன்று என்றால் அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

மாத முடிவில் முத்திரை போட்டார். அதற்குள் கிராணியிடமிருந்து நாலைந்து தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட 'வா' என்பார், அனுப்ப 'போ' என்பார். தண்ணீருக்குத் 'தண்ணி'. சரியாகச் சொல்லிவிட்டால் அவருக்கே ஒரு சந்தோஷம்.

அடுத்த முறை மண் இறக்கிய நாளில்தான் அது நடந்தது. மறுநாள் அவர் சியோனானுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. சிங்கப்பூருக்கு அப்போது அதுதான் பெயர். திரும்பி வர மூன்று வாரம் ஆகும். மண்ணை ஒரு விரல் அளவு வழித்தெடுத்தோம். புதிதாக மூன்று வேர்கள் வெளியே தெரிந்தன. வெள்ளையாக, ஈரமாக, பென்சில் தடிமன். அவற்றில் ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்கே ஏறியிருந்தது. அதிகாரி என் இடுப்புக் கத்தியைச் சுட்டினார். பிறகு வேரின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே நெடுக இழுத்துக் காட்டினார். மூன்று வேரிலும் அப்படி இழுத்தார். என் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"கீறு நா."

நான் தலையாட்டினேன். அவர் இன்னொரு முறை, அழுத்தமாக, "கீறு நா" என்றார். "ஹாய்", சரி, என்று ஜப்பான் முறையில் குனிந்தேன்.

கீறு என்கிறார், புதிதாக ஒரு தமிழ்ச் சொல் கற்றிருக்கிறார், 'கீறுன்னா கீறு' என்கிற மாதிரி அழுத்திச் சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கத்தியைக் காட்டினார், கோட்டை இழுத்துக் காட்டினார், சொல்லையும் சொன்னார். இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன விளக்கம் வேண்டும்? ஒரு மாதமாக ஒன்றும் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைக் கொடுத்தது போல இருந்தது. பட்டையைக் கீறுவதில் என்னைவிடச் சுத்தமான கை தோட்டத்தில் இல்லை. உள்மரத்தில் கத்தி படாமல், பட்டை மட்டும் பிரிகிற ஆழத்தில் கீறுவேன்.

மறுநாள் அவர் கார் கிளம்பியதும் உட்கார்ந்து கீறினேன். மூன்று வேரிலும் மேலிருந்து கீழே, அவர் விரல் போன வழியே. வெள்ளைப் பால் கசிந்தது. ரப்பர் பால் மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு பயம் இல்லாமல் நான் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இரண்டு நாள் கழித்துக் கிராணி ஏதோ பட்டியலோடு வந்தார். துவான் தமிழில் நன்றாகத் தேறிவிட்டார், கீறு என்று அழகாகச் சொல்கிறார், சொன்னபடி கீறிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

கிராணி பட்டியலை மடித்தார். "என்னான்னு சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

"கீறு நா."

அவர் வேலிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"டேய் மடையா. நிப்போங்கோவுல கீறுன்னா வெட்டு. நான்னு பின்னால போட்டா, கூடாதுன்னு அர்த்தம். கீறு நான்னா வெட்டாதே."

நான் தட்டில் இருந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"வெட்டாதேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போயிருக்காரு. நீ மூணு வேரையும் கிழிச்சு வெச்சிருக்க."

"ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"நான் எதையும் பாக்கல, நீயும் எங்கிட்ட எதையும் சொல்லல. எம் பேரு இதுல வந்துச்சு, பட்டியல்ல ஒம் பேருதான் முதல்ல இருக்கும்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நின்று ஏறக்கூட இல்லை, தள்ளிக்கொண்டு ஓடி வாசலுக்கு வெளியேதான் ஏறினார்.

ஓடிவிடலாமா என்று யோசித்தேன். எங்கே ஓடுவது? காகிதம் இந்த வீட்டுப் பெயரில் இருந்தது. வீட்டைவிட்டுப் போனால் அது வெறும் தாள். மேலும், ஓடினவனைத் தேடிப் பிடித்தால் சயாமுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சந்தைப் பக்கம் கம்பத்தில் தலை வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

பயந்தவன் செய்வதைத்தான் செய்தேன். கீறல்களில் களிமண்ணை அப்பினேன். வாசலில் வரும் போகும் சிப்பாய்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, பெட்டியோடு மரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டு விறகுக் கொட்டகையில், சாக்குக்குப் பின்னால் வைத்தேன். காயம் ஆற வேண்டும் என்று மூன்று வேளையும் தண்ணீர் விட்டேன். இருட்டில், தண்ணீர் தேங்கிய மண்ணில், ஐந்தாம் நாள் இலைகள் மஞ்சளாகின. ஏழாம் நாள் தொட்டால் உதிர்ந்தன. பத்தாம் நாள் எண்ணுவதற்கு நாற்பது இலைதான் இருந்தது. சாப்பிட முடியவில்லை. கொட்டகை வாசலில் குந்தியபடி, மூவாரில் பார்த்த அந்தக் காலை நினைத்துக்கொண்டிருப்பேன்.

அக்கா கொட்டகைக்கு விறகு எடுக்க வந்து பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாலையில் வராமல், பின்பக்கச் செம்பருத்தி வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தான். ஒடிசலானவன், என் வயதுதான் இருக்கும். காதில் ஒரு பென்சில் சொருகியிருந்தான். வேலை இல்லாத தச்சன் எதற்குப் பென்சில் வைத்திருக்கிறான் என்று தோன்றியது.

சாக்கை விலக்கிப் பார்த்தான். மண்ணில் விரலை விட்டான். எடுத்து முகர்ந்தான்.

"கவான், மரத்தை ஏன் ஜெயிலில் போட்டாய்?" என்று மலாயில் கேட்டான். கவான் என்றால் நண்பா.

எல்லாவற்றையும் சொன்னேன். கீறு நா என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டான். சத்தம் வெளியே போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு வேலையைப் பார்த்தான். கீறியதால் ஒன்றும் ஆகாது, நல்ல கை உனக்கு, உள்ளே படவே இல்லை என்றான். இந்த மரத்துக்கு இடம் மாறினால் பிடிக்காது, இருட்டு பிடிக்காது, இலையைக் கொட்டிக் கோபத்தைக் காட்டும், செத்துவிட்டது என்று நாம்தான் நினைப்போம். நகத்தால் சுள்ளியைச் சுரண்டிக் காட்டினான். உள்ளே பச்சை. பெட்டியின் அடியில் நாலு துளை போட்டுத் தேங்கிய நீரை வடித்தான். களிமண்ணைக் கழுவினான். கீறல்களின் ஓரத்தில் ஏற்கெனவே பட்டை தடித்து உதடு மாதிரி மடிந்திருந்தது. பெட்டியைத் தூக்கி அதே நடுத்தட்டில், அதே பக்கம் பார்க்க வைத்தோம். மிச்சம் இருந்த மஞ்சள் இலைகளை அவனே கிள்ளி எடுத்தான். மூன்று நாளைக்குத் தண்ணீர் விடாதே, பிறகு காலையில் மட்டும் விடு என்றான். ஒருநாள்விட்டு ஒருநாள் வேலி வழியாக வந்து பார்த்தான். வரும் ஒவ்வொரு தடவையும் பிடிபட்டால் அவனுக்குச் சயாம், அவனை உள்ளே விட்டதற்கு எனக்கும் சயாம். வந்து பத்து நிமிடம் மரத்தைப் பார்த்துவிட்டுப் போவான்.

பதினேழாம் நாள் கிளை நுனியில் ஊசி மாதிரி ஒரு மொட்டு வந்தது. மறுநாள் பதினாறு மொட்டுகள். மொட்டு பிரிந்து வந்த இலைகள் பழைய இலைகளைவிடச் சின்னதாக, பளபளப்பாக இருந்தன. இந்த மரத்துக்கு அப்படி வருவதுதான் அழகு, வேண்டுமென்றே இலையை உருவுகிறவர்களும் உண்டு என்று அவன் சொன்னான். போகும்போது வேலியருகே நின்று, இந்தத் தடவை துவானிடம் கேட்டுப் பார் கவான் என்றான். எனக்குக் கூலி வேண்டாம், காகிதம் போதும் என்றான். கேட்கிறேன் என்றேன். இந்தத் தடவை கேட்கத்தான் நினைத்திருந்தேன். அதை இப்போது யாரும் நம்ப வேண்டியதில்லை.

அதிகாரி ஒரு காலை நேரம் வந்து இறங்கினார். பயணப் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேராகத் தட்டுக்கு வந்தார். நான் குனிந்தபடியே நின்றேன். பூட்ஸ் நகர்வதை மட்டும் பார்த்தேன். மரத்தைச் சுற்றி வந்தார். நின்றார். உட்கார்ந்தார். விரல் வேரின் மேல் போவது தெரிந்தது. கீறலின் உதடுகள் அதற்குள் ஒன்றோடொன்று மூடி, வேர் நெடுகத் தடித்த ஒரு தழும்பு இருந்தது. பென்சில் தடிமன் இருந்த வேர் கீறிய இடத்தில் புடைத்துப் பருத்திருந்தது. பத்து வருடத்து வேர் மாதிரி முடிச்சும் முறுக்குமாக இருந்தது.

எழுந்து என் முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார். அடிதான் என்று கண்ணை மூடினேன். அவர் என் இடுப்புக் கத்தியை உருவி, அதன் முனையைப் பார்த்து, திரும்ப என் இடுப்பிலேயே சொருகினார்.

யார் செய்தது என்று மலாயில் கேட்டார்.

"சாயா, துவான்." நான்தான்.

வெட்டாதே என்று தான் சொன்னதை அவர் மறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் என்னையே பார்த்தன. பிறகு சின்ன இலைகளைக் காட்டினார். அது யார் செய்தது?

"சாயா, துவான்."

யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? வேறு யாராவது உண்டா? இந்த ஊரில் இதைத் தெரிந்தவன் வேறு யாராவது இருக்கிறானா?

கேள்வி அதுதான். நான் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை, அவரே கேட்டுவிட்டார். இருக்கிறான் துவான், இரண்டு சந்து தள்ளி இருக்கிறான், அவனையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் அவர் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம். அவனை மட்டும் வைத்துக்கொண்டு, சொன்ன பேச்சை மீறிக் கத்தி வைத்தவனை அனுப்பிவிடவும் செய்யலாம். ஒரு தோட்டம், ஒரே காகிதம். சாலை வளைவில் ஏதோ ஒரு வண்டி கியர் மாற்றியது. காருடைய சத்தமா, லோரியுடைய சத்தமா என்று அந்தச் சமயத்தில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"தா அடா, துவான்" என்றேன். இல்லை.

அவர் உள்ளே போய் முத்திரையைக் கொண்டுவந்தார். காகிதத்தை நான் இடுப்பிலிருந்து அவிழ்க்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். ஒரு மாதம் போடுகிற இடத்தில் மூன்று மாதம் போட்டார்.

அடுப்படி வாசலில் அக்கா நின்றிருந்தார். அங்கிருந்து பார்க்க முடியும், பேச்சு கேட்காது. நான் கிணற்றடிக்குப் போகும்போது மெல்லக் கேட்டார்: "சூடா சாக்காப்?" சொல்லிவிட்டாயா?

"சூடா" என்றேன். சொல்லிவிட்டேன்.

"டியா?" அவர் என்ன சொன்னார்?

"டியா தா மாவ்." அவர் வேண்டாம் என்கிறார்.

அக்கா திரும்பி அடுப்பு விறகை உள்ளே தள்ளினார். பிறகு, பரவாயில்லை தம்பி, நீ கேட்டாயே, யார் கேட்பார்கள் இந்தக் காலத்தில் என்றார். அன்று அதிகாரிக்கு வடித்த சோற்றில் அடிப்பிடித்ததைச் சுரண்டி எனக்குத் தனியாக எடுத்துவைத்தார். அரிசிச் சோறு பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பி கடலோரத்து உஜோங் பாசிருக்கு நடந்து போனான். அங்கே படகுக்குப் பலகை அடிக்க ஆள் வேண்டும், வேலை கொடுப்பவன் காகிதமும் வாங்கித் தருவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இங்கே காகிதம் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் போனான். வழியில் லோரி நின்றது. கூடப் போனவன் சதுப்புக்குள் குதித்துத் தப்பி வந்து சொன்னான். அவன் குதிக்கவில்லையாம். உளிப் பெட்டியை விட்டுவிட்டுக் குதிக்க மனம் வரவில்லை போல என்றான். மலாக்காவை விட்டு நான் போகும்வரை அவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் அந்தப் பக்கம் போகவும் இல்லை.

அக்கா மறுநாளும் வேலைக்கு வந்தார். சமைத்தார். தன் தம்பிக்காக நான் துவானிடம் கேட்டதாகக் கம்போங் முழுக்கச் சொல்லியிருந்தார். கோயிலுக்குப் போகிற பெண்கள் வேலியோரம் என்னைக் கண்டால் தலையசைத்தார்கள். அவர்களில் யாராவது ஒருத்தி, துணிந்து, அதிகாரியிடமே நேரில் போய் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. யாராவது பெண் வாசல் பக்கம் நின்றால் நானே ஓடிப்போய் என்ன வேண்டும் என்று கேட்டு அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் அப்படித்தான் ஒருத்தி பின்வாசலில் நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. கெபாயாச் சட்டையும் கைலியும், தோளில் பழைய சால்வை. யார் என்று கேட்பதற்குள் தானே சொன்னாள். அக்காவுடைய தம்பியின் மனைவி. வாழை இலையில் சுற்றிய இரண்டு முட்டைகளை நீட்டினாள். அந்த நாளில் முட்டை ஜப்பான்காரனுக்கு மட்டும்தான். எங்கே கிடைத்தது என்று கேட்டால், ஒரு கோழியை ஒளித்து வைத்திருக்கிறோம் என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நீங்கள் எங்களுக்காக வாய் திறந்து கேட்டீர்கள், வெறுங்கையோடு வரக் கூடாது என்றாள். வாங்கிக்கொண்டேன். முட்டை இன்னும் சூடாக இருந்தது.

அவள் போகவில்லை. சால்வை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவர் உடம்பு ஒல்லிதான், ஆனால் பலம் உண்டு, வந்துவிடுவார் என்றாள். வந்ததும் இந்த வீட்டுக்கே அனுப்புகிறேன், இந்த மரங்கள் அவருக்குத் தெரிந்த மரங்கள், அப்போது துவானிடம் இன்னொரு முறை கேட்பீர்களா என்றாள்.

கேட்கிறேன் என்றேன்.